உப்பும் அமிலமும் சேர்ந்தால் ஜிப்சம் தாங்குமா? புளோரிடாவில் உடைந்த குளமும், இந்திய சாலைகளுக்கான கேள்வியும்

2021 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பைனி பாயிண்ட் என்ற இடத்தில், பழைய உரத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்க் குளம் கசியத் தொடங்கியது. குளத்தில் இருந்தது சுமார் 48 கோடி கேலன் தண்ணீர். நம்ம கணக்கில் சொன்னால் 181 கோடி லிட்டர்.

சில நாட்களிலேயே நிலைமை கைமீறியது. 300-க்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தவர்களை உடனே வெளியேறச் சொன்னார்கள். முக்கிய நெடுஞ்சாலை மூடப்பட்டது. ஏப்ரல் 3-ம் தேதி ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அவசரநிலை அறிவித்தார். குளம் மொத்தமாக உடைந்தால் 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து வரலாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

உடைப்பைத் தவிர்க்க அவர்களுக்கு இருந்தது ஒரே வழிதான். குளத்து நீரை வேண்டுமென்றே பம்ப் செய்து டாம்பா விரிகுடா கடலுக்குள் விட்டார்கள். ஏப்ரல் 9 வரை வெளியேறியது சுமார் 21.5 கோடி கேலன், அதாவது 81 கோடி லிட்டர்.

அப்போது செய்திகளில் அதிகம் பேசப்பட்டது தண்ணீரைப் பற்றித்தான். ஆனால் அந்தத் தண்ணீரைத் தாங்கி நின்ற கரை எதனால் ஆனது தெரியுமா? மண்ணும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. அது ஜிப்சம். தண்ணீரில் கரையக்கூடிய ஒரு பொருள்.

கரையும் பொருளில் கரை கட்டி, அதன் மேல் உப்பும் அமிலமும் கலந்த நீரை யாராவது நிறுத்துவார்களா? நிறுத்தினார்கள். இன்றும் உலகின் பல நாடுகளில் நிறுத்துகிறார்கள். அதே ஜிப்சத்தை இப்போது சாலைக்கு அடியில் போடலாமா என்ற பேச்சும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஓடுகிறது. அதனால் இந்தப் பொருள் எப்போது கரையும், எவ்வளவு கரையும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஜிப்சம் மலை எப்படி வந்தது?

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதில் தண்ணீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருக்கும். ஃபால்ஸ் சீலிங் போர்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சிமென்ட் என்று தினமும் நம்மைச் சுற்றி இருக்கும் பொருள்தான். நிலக்கடலை விவசாயிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விதைத்த 40, 45 நாளில் மண் அணைக்கும்போது போடுவதும் இதுதான்.

டி.ஏ.பி. போன்ற உரங்களுக்கு பாஸ்பாரிக் அமிலம் வேண்டும். பாஸ்பேட் பாறையைப் பொடித்து, கந்தக அமிலத்தில் போட்டால் பாறை கரையும். பாஸ்பாரிக் அமிலம் திரவமாக நிற்கும். பாறையில் இருந்த கால்சியம், அமிலத்தில் இருந்த சல்பேட்டுடன் சேர்ந்து ஜிப்சமாகப் படியும். அதை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் பாஸ்போஜிப்சம்.

பிரச்னை அளவில்தான் இருக்கிறது. 1 டன் அமிலம் எடுத்தால் சுமார் 5 டன் ஜிப்சம் மிஞ்சும். (அமிலத்தின் அளவை இந்தத் தொழிலில் பாஸ்பரஸ் ஆக்ஸைடு கணக்கில் சொல்வது வழக்கம்.) அதாவது தொழிற்சாலை தயாரிக்கும் பொருளை விட அது கொட்டும் கழிவு பல மடங்கு அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியமும் ரேடியமும் இருக்கும். யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு போய்விடும். ரேடியம் சல்பேட் கரையவே கரையாத பொருள் என்பதால், ரேடியம் ஜிப்சத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும்.

இதனால்தான் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-ல் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போஜிப்சத்தைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, ஒரே இடத்தில் குவித்துத்தான் வைக்க வேண்டும் என்பது அந்த விதி. புளோரிடாவில் மட்டும் இப்படி இரண்டு டஜன் மலைகள் நிற்கின்றன. மொத்த எடை சுமார் 100 கோடி டன்.

மலையின் உச்சியில் குளம் எதுக்கு?

ஆலையிலிருந்து ஜிப்சத்தை லாரியில் ஏற்றி வந்து கொட்டுவதில்லை. தண்ணீரில் கலக்கி, கூழாக்கி, குழாய் வழியாக மலை உச்சிக்கு பம்ப் செய்வார்கள். அங்கே ஜிப்சம் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மறுபடியும் ஆலைக்கே எடுத்துக்கொள்வார்கள். படிந்த ஜிப்சத்தையே வாரி ஓரத்தில் போட்டுக் கரையை உயர்த்துவார்கள். இப்படித்தான் மலையும் வளரும், உச்சியில் குளமும் நிற்கும்.

அந்தக் குளத்து நீர் சாதாரண நீர் கிடையாது. பாஸ்பாரிக் அமிலம், ஃபுளோரைடு, அம்மோனியா என்று எல்லாம் கலந்தது. இயங்கும் ஆலைகளில் அதன் பி.ஹெச். அளவு 1 முதல் 2 வரை இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு இணையான அல்லது அதைவிடக் கடுமையான புளிப்பு.

பைனி பாயிண்ட் ஆலை தொடங்கியது 1966-ல். கடைசியாக நடத்திய நிறுவனம் 2001-ல் திவாலாகிக் கைவிட்டுப் போனது. பிறகு இடம் கைமாறியது. ஜிப்சம் மலை மேல் இருந்த குளங்களில் பிளாஸ்டிக் விரிப்பு போடப்பட்டது. பக்கத்துத் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றையும் கடல்நீரையும் 2011-ல் அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள்.

விளைவு? பழைய அமிலக் கழிவுநீர், கடல்நீர், மழைநீர் மூன்றும் ஒரே குளத்தில் கலந்தன. 2011-லேயே விரிப்பு கிழிந்து கசிவு ஏற்பட்டது. அப்போதும் சுமார் 17 கோடி கேலன் நீரைக் கடலுக்குள் விட வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து 2021-ல் அதே கதை மறுபடியும் நடந்தது.

சரி, ஜிப்சம் எவ்வளவுதான் கரையும்?

உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம் கரையும். சுண்ணாம்புக்கல் சுத்தமான நீரில் கிட்டத்தட்ட கரையாது என்றே சொல்லலாம். ஒரு லிட்டரில் 1 கிராமில் நூறில் ஒரு பங்குதான் கரையும். ஜிப்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு லிட்டரில் சுமார் 2.5 கிராம்.

10 லிட்டர் பக்கெட்டில் 25 கிராம், அதாவது சுமார் 5 டீஸ்பூன். அவ்ளோதானா என்று தோன்றும். ஆனால் சுண்ணாம்புக்கல்லோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் அதிகம். கண்ணுக்குக் கல் மாதிரி தெரிந்தாலும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் ஜிப்சம் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஜிப்சத்துக்குள் ஒரு கசிவு, நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் முழு அளவுக்குக் கரைத்தால், தினமும் 2.5 டன் ஜிப்சம் காணாமல் போகும். ஒரு கன மீட்டருக்கு மேல் பள்ளம் விழும். பள்ளம் பெரிதானால் இன்னும் அதிக நீர் ஓடும். இது பைனி பாயிண்டில் அளந்த கணக்கு இல்லை. சின்னக் கசிவை ஏன் சின்னக் கசிவாகவே விட்டுவிடக் கூடாது என்பதைக் காட்டும் கணக்கு.

உப்பு கலந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. தண்ணீரில் ஏற்கெனவே உப்பு கரைந்திருந்தால் ஜிப்சம் குறைவாகத்தானே கரையும்? பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ்.

சாப்பாட்டு உப்பு கலந்த நீரில் ஜிப்சம் கூடுதலாகக் கரையும். ஒரு லிட்டரில் சுமார் 150 கிராம் உப்பு இருக்கும் நீரில், கரையும் ஜிப்சம் ஏறத்தாழ 3 மடங்காக உயரும். அதற்கு மேல் உப்பைக் கூட்டினால் மெல்லக் குறையத் தொடங்கும்.

காரணம் எளிது. ஜிப்சம் கரையும்போது கால்சியம், சல்பேட் என்று இரண்டு அயனிகளாகப் பிரியும். ஒன்று நேர் மின்னூட்டம், இன்னொன்று எதிர் மின்னூட்டம். இரண்டும் மறுபடி சந்தித்தால் ஒட்டிக்கொண்டு படியும். காலியாக இருக்கும் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த இருவர் ஒருவரை ஒருவர் சட்டென்று பார்த்துவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டத்தில் அது நடக்காது. உப்பின் சோடியமும் குளோரைடும்தான் அந்தக் கூட்டம். சல்பேட்டைச் சுற்றி சோடியம் நெருக்கும், கால்சியத்தைச் சுற்றி குளோரைடு நெருக்கும். இரண்டும் சந்திப்பது கஷ்டமாகிவிடும். அதனால் கரைந்தே இருக்கும்.

எல்லா உப்பும் இப்படிச் செய்யாது. சாயப்பட்டறைகளில் பயன்படும் சோடியம் சல்பேட் போன்ற உப்பு என்றால், நீரில் ஏற்கெனவே சல்பேட் நிறைந்திருக்கும். சீட் நிரம்பிய பஸ் மாதிரி. ஜிப்சத்திலிருந்து வரும் சல்பேட்டுக்கு இடம் குறையும். அங்கே ஜிப்சம் குறைவாகத்தான் கரையும். எந்த உப்பு என்பதும் முக்கியம்.

கடல்நீரில் ஓரளவு கால்சியமும் சல்பேட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படி இருந்தும், நல்ல தண்ணீரை விடக் கூடுதலாகவே அது ஜிப்சத்தைக் கரைக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். கடல்நீரைப் பாத்தியில் விட்டதும் ஜிப்சம் படியாது. வெயிலில் காய்ந்து, முதலில் இருந்த அளவில் மூன்று, நான்கில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் ஜிப்சம் படியத் தொடங்கும். அதன் பிறகு, இன்னும் வற்றினால்தான் உப்பு பூக்கும்.

அமிலம் சேர்ந்தால்?

அமிலம் என்றதும் எல்லாமே கரைந்துவிடும் என்று ஒரு எண்ணம் உண்டு. சுண்ணாம்புக்கல் விஷயத்தில் அது சரி. அமிலம் பட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவம் எலுமிச்சைச் சாற்றில் கரைவதும் அதனால்தான்.

ஜிப்சம் அப்படி நுரைக்காது. லேசான அமிலத்தை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கடுமையான அமிலத்தில் மட்டும்தான் மாற்றம் தெரியும். அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி, சல்பேட்டைப் பிடித்து பைசல்பேட்டாக மாற்றும். கால்சியத்துக்கு ஜோடி குறையும். அதனால் மேலும் ஜிப்சம் கரையும்.

எப்போது இது நடக்கும்? பி.ஹெச். 2-ல் கிட்டத்தட்ட பாதி சல்பேட் பைசல்பேட்டாக மாறியிருக்கும். பி.ஹெச். 4-ல் வெறும் 1 சதவீதம்தான் மாறும். ஆகவே பி.ஹெச். 3-க்குக் கீழே போகப் போகத்தான் அமிலத்தின் வேலை ஆரம்பம். அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல்களில் ஜிப்சம் கரையும் அளவு பல மடங்கு உயரும். கந்தக அமிலத்தில் கதை வேறு. அந்த அமிலமே சல்பேட்டையும் கூடக் கொண்டுவருவதால் இரண்டு விளைவும் மோதிக்கொள்ளும்.

உர ஆலையில் நடப்பதும் இந்தச் சமநிலையை நம்பித்தான். பாஸ்பாரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் ஜிப்சம் பெரும்பாலும் கரையாமல் படிவதால்தான், அதை வடிகட்டிப் பிரிக்க முடிகிறது.

அப்போ அந்த மலைகள் ஏன் கரைந்து போகவில்லை?

நியாயமான கேள்வி. பல பத்தாண்டுகளாக அமில நீரைச் சுமந்து நிற்கின்றனவே?

காரணம், அந்த நீர் ஏற்கெனவே வயிறு நிறைந்த நீர். ஜிப்சத்தோடு வருடக்கணக்கில் சேர்ந்தே இருப்பதால், கரைக்க முடிந்த அளவைக் கரைத்து முடித்துவிட்டது. இதைத்தான் பூரித நிலை என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கிராம் கூட எடுக்காது. எவ்வளவு புளிப்பான நீராக இருந்தாலும், பூரிதமாகிவிட்டால் ஜிப்சத்தைப் பொறுத்தவரை அது சாது.

ஆபத்து வருவது புதிய நீரால். கனமழை பெய்து சேரும் நல்ல தண்ணீர், வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றும் கடல்நீர், இவையெல்லாம் பசியோடு வரும் நீர். அதுவும் தேங்கி நிற்காமல் ஒரு விரிசல் வழியாக ஓடத் தொடங்கினால், ஒவ்வொரு லிட்டரும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும்.

பைனி பாயிண்டில் 2021-ல் இருந்த நீர் லேசான அமிலத்தன்மை மட்டுமே கொண்டது என்று மாநில அதிகாரிகள் சொன்னார்கள். அப்படியானால் ஜிப்சத்தைக் கரைப்பதில் அமிலத்தை விட, கடல்நீரிலிருந்து வந்த உப்புக்கே பெரிய பங்கு. அந்த நீருக்கும் ஜிப்சம் கரைக்கும் இடையில் இருந்த தடுப்பு ஒரே ஒரு பிளாஸ்டிக் விரிப்புதான். அது கிழிந்ததுதான் நெருக்கடியின் தொடக்கம்.

ஜிப்சத்தை நம்பி ஏமாந்தது புளோரிடா மட்டுமா?

இல்லை. இராக்கின் மோசூல் அணை இதைவிடப் பெரிய எச்சரிக்கை. 113 மீட்டர் உயரம் கொண்ட அந்த அணை நிற்பது ஜிப்சமும் அன்ஹைட்ரைட்டும் நிறைந்த பாறை மேல். அன்ஹைட்ரைட் என்பது தண்ணீர் சேராத கால்சியம் சல்பேட். அங்கே அமிலமும் இல்லை, உப்பும் இல்லை. வெறும் டைக்ரிஸ் ஆற்றுத் தண்ணீர். ஆனால் அது ஓடும் நீர், பூரிதமாகாத நீர்.

1980-களின் நடுவில் நீர் நிரப்பியதிலிருந்தே அடிப்பாறை கரையத் தொடங்கியது. விழும் ஓட்டைகளில் சிமென்ட் குழம்பைச் செலுத்தி அடைக்கும் வேலை அன்று முதல் நடந்துவருகிறது. 2014-ல் ஐ.எஸ். அமைப்பு அணையைக் கைப்பற்றியபோது அந்த வேலை தடைபட்டது. உலகமே பதறியதற்கு அதுதான் காரணம்.

புளோரிடாவிலேயே 2016-ல் இன்னொரு சம்பவம். நியூ வேல்ஸ் என்ற இடத்தில் ஜிப்சம் மலைக்கு அடியில் சுமார் 45 அடி அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. உச்சியில் இருந்த சுமார் 21.5 கோடி கேலன் அமில நீர் அதன் வழியாக நிலத்தடிக்குப் போனது. அந்தப் பகுதியின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. புளோரிடாவின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர் அந்தப் பாறைக்குள்தான் இருக்கிறது. பொதுமக்களுக்கு இந்தத் தகவல் தெரியவந்தது சில வாரங்கள் கழித்துத்தான்.

கடலுக்கு என்ன ஆச்சு?

பைனி பாயிண்ட் நீருடன் டாம்பா விரிகுடாவுக்குள் போன நைட்ரஜன் மட்டும் சுமார் 186 டன் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். அந்தக் கடல்பகுதிக்கு ஒரு முழு ஆண்டில் வந்து சேரும் அளவை விட அதிகமான நைட்ரஜன், பத்தே நாளில் சேர்ந்தது. நைட்ரஜன் என்றால் கடல் பாசிக்கு உரம் போட்ட மாதிரி.

அந்தக் கோடையில் டாம்பா விரிகுடாவில் செந்நிற நுண்பாசி பெருகியது. கரை ஒதுங்கிய மீன்களை அள்ளியது மட்டும் 1,600 டன்னுக்கு மேல். இந்தப் பாசி புளோரிடா கடலில் இயற்கையாகவே வரக்கூடியது. அதனால் முழுப் பழியையும் பைனி பாயிண்ட் மேல் போட முடியாது. ஆனால் கடலுக்குப் போன உரச்சத்து நிலைமையை மோசமாக்கியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

குளத்தை மூடுவதற்கு மாநில சட்டமன்றம் 10 கோடி டாலர் ஒதுக்கியது. மிச்சமிருந்த நீரை என்ன செய்வது? பூமிக்குள் ஆயிரம் மீட்டர் ஆழம் வரை துளையிட்டு, 2023 ஏப்ரலில் உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். ஆலை நின்று 20 ஆண்டு கழித்தும், அது விட்டுப்போன தண்ணீருக்கு அரசுப் பணம் செலவாகிறது.

சுண்ணாம்பு போட்டு அமிலத்தை நீக்கிவிட்டால் போதாதா?

செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அங்கே பிரச்னை தலைகீழாக வரும். அமில நீர் கூடுதலாக ஜிப்சத்தைச் சுமந்திருக்கும். அமிலத்தைக் குறைத்தவுடன் அந்தக் கூடுதல் சுமையை இறக்கி வைத்துவிடும். சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியமும் சேர்ந்துகொள்ளும். குழாயிலும் பம்பிலும் வடிகட்டியிலும் ஜிப்சம் கெட்டியாகப் படியும்.

இந்தப் படிவத்தை எலுமிச்சைச் சாறோ, வினிகரோ கரைக்காது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அல்லது அதற்கென்று தனி ரசாயனம் போட வேண்டும். தாமிரம், துத்தநாகம், நிக்கல் எடுக்கும் ஆலைகளிலும், கழிவுநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் நிலையங்களிலும் தினசரித் தலைவலி இது. கரையக் கூடாத இடத்தில் கரைவதும், படியக் கூடாத இடத்தில் படிவதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஒடிசாவின் பாரதீப், ஆந்திராவின் விசாகப்பட்டினம், கேரளாவின் கொச்சி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி என்று பாஸ்பேட் உர ஆலைகள் இருக்கும் ஊர்களில் எல்லாம் பாஸ்போஜிப்சம் உண்டு. பெரும்பாலானவை கடலோர ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு முக்கிய வித்தியாசம்: இங்கே பாஸ்போஜிப்சத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு. சிமென்ட் ஆலைகள் வாங்குகின்றன. களர் நிலத்தைச் சீர்திருத்தவும் பயன்படுகிறது. கட்டுமானப் பொருளாகவும் விவசாயத்திலும் பயன்படுத்துவது குறித்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-ல் உத்தரவு வெளியிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வழிகாட்டுதல்கள் வைத்திருக்கிறது.

விவசாயத்தில் ஜிப்சம் பயன்படுவதே அது கரைவதால்தான். வயலில் போட்ட ஜிப்சம் மெதுவாகக் கரைந்து, நிலக்கடலைக்குக் கால்சியமும் கந்தகமும் தரும். களர் மண்ணில் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் போய் உட்காரும். வயலில் வரமாக இருக்கும் அதே குணம், கரையிலோ சாலையிலோ சாபமாகலாம்.

இப்போதைய பேச்சு சாலையைப் பற்றி. பாஸ்போஜிப்சத்தை நெடுஞ்சாலை அமைக்கப் பயன்படுத்தும் களச் சோதனையை நடத்தப்போவதாக 2022-ல் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அறிவித்தது. அமிலத்தன்மை நீக்கப்பட்ட பாஸ்போஜிப்சத்தைத்தான் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்தது.

அமெரிக்காவில் இதே விஷயத்தில் முடிவு மாறி மாறி வந்தது. 2020 அக்டோபரில் சாலைக்குப் பயன்படுத்த அனுமதி தந்தார்கள். 2021 ஜூனில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில், நியூ வேல்ஸ் வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சோதனைச் சாலை போட மட்டும் ஒப்புதல் கொடுத்தார்கள்.

சாலைக்குப் பயன்படுத்துவதில் நியாயமும் இருக்கிறது. மலையாகக் குவித்து வைத்தால் ஒரு நாள் பைனி பாயிண்ட் மாதிரி ஆகலாம். பயன்படுத்திவிட்டால் குவியல் குறையும். ஆற்று மணலையும் மலையையும் வெட்டுவதும் கொஞ்சம் குறையும். அதனால் இதை எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

விவாதங்களில் பெரும்பாலும் கதிரியக்கம் பற்றி மட்டுமே பேசப்படுகிறது. அது அவசியம்தான். ஆனால் கரைதிறன் பற்றியும் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. எந்த நீர் படும்? ஒரு பொருள் கரையுமா என்று சோதிக்க ஆய்வகத்தில் பெரும்பாலும் சுத்தமான நீர்தான். கடலோரச் சாலையிலும் துறைமுகத்திலும் படப்போவது உப்புநீர். அந்த நீரிலேயே சோதித்தார்களா?

2. நீர் நிற்குமா, ஓடுமா? தேங்கி நிற்கும் நீர் ஓரளவுக்குக் கரைத்துவிட்டு நின்றுவிடும். மழைக்காலத்தில் சாலைக்கு அடியில் ஊடுருவி ஓடும் நீர் நிற்காது. வடிகால் சரியாக இல்லாத சாலையில் இது பெரிய கேள்வி. ஜிப்சத்தில் ஊறி வரும் சல்பேட் நீர் கான்கிரீட்டையும் அரிக்கும். பக்கத்தில் பாலமோ சிறுபாலமோ இருந்தால் இதையும் பார்க்க வேண்டும்.

3. ஆலை மூடினால் யார் பொறுப்பு? பைனி பாயிண்டில் ஆலை நடத்தியவர்கள் போய்விட்டார்கள், மலை மட்டும் அங்கேயே நின்றது. குவியலைப் பராமரிக்கும் செலவை முன்கூட்டியே வைப்புத் தொகையாக வாங்கி வைத்திருக்கிறார்களா? குவியலின் உச்சியில் புதிதாக எந்த நீரையும் விடக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுத்தில் இருக்கிறதா?

ஜிப்சம் விஷமும் இல்லை, வெறும் கல்லும் இல்லை. லிட்டருக்கு இரண்டரை கிராம் கரையும் ஒரு பொருள். உப்பு கூடினால் அந்த அளவு கூடும், கடுமையான அமிலம் சேர்ந்தால் இன்னும் கூடும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் கணக்கு முடியவே முடியாது. பைனி பாயிண்டில் 2011-ல் விரிப்பு முதல் முறை கிழிந்தபோதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். குளத்தை அப்போதே காலி செய்திருந்தால், பத்தாண்டு கழித்து 300-க்கும் மேற்பட்ட வீடுகளைக் காலி செய்திருக்க வேண்டியதில்லை.